மலைக்குப் பாகு காய்ச்சியவள்

என் மனைவியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுதினால் அப்புறம் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. அதனால் அவள் கையிலிருந்து தொடங்குகிறேன்.

மிட்டாய்க் கடைக்காரியின் கை அது. மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் பொட்டுப் பொட்டாகச் சூட்டுத் தழும்புகள், உள்ளங்கையில் காய்ப்பு. அந்தக் கை கொப்பரையில் துடுப்பைப் போட்டுக் கிண்டத் தொடங்கினால் கடையில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பாகு கொதிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும். குமிழி உடைகிற சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவாள். சந்தேகத்துக்கு ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். சூடு பார்க்கிற கருவி ஒன்றை நான் ஒருமுறை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். அதைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

கடை அவளுடைய அப்பாவுடையது. நான் அங்கே மிட்டாய்க்குத் தாள் சுற்ற வந்தவன். தாள் சுற்றிக்கொண்டே அவளைப் பார்த்தேன். பார்க்கிற மும்முரத்தில் மிட்டாயை வைக்க மறந்து வெறும் தாளைச் சுற்றி டப்பாவில் போட்டேன். வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவள் நேரே அப்பாவிடம் போய், "இந்த ஆள ஒண்ணு வேலைய விட்டு அனுப்புங்க, இல்ல எனக்குக் கட்டி வைங்க. வியாபாரம் கெடுது" என்றாள். அப்பா நல்ல மனிதர், இரண்டாவதைச் செய்தார்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பதம் தப்பியதே இல்லை என்பது. மழைக்காலத்தில் ஒருமுறை மிட்டாய் பிசுபிசுத்துப் போனது. மேகத்தைத் திட்டினாள், சர்க்கரை மூட்டையைத் திட்டினாள், பக்கத்தில் நின்று தும்மியதற்காக என்னைத் திட்டினாள். கொப்பரைக்கு முன்னால் நின்றது யார் என்கிற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு உயிர் மேல் ஆசை இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். துடுப்பு அவள் கைக்குத்தான் போகும் என்று என் மனைவி முடிவு செய்து வைத்திருந்தாள். மகளோ பாறைகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாள். "கல்லுல என்னடி படிக்கக் கெடக்கு? கல்லு கல்லாத்தானே இருக்கு?" என்று தொடங்கிய பேச்சு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் மகள், "காலம் பூரா இந்தக் கொப்பரையச் சுத்திச் சுத்தி வர என்னால முடியாதும்மா" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் என் மனைவிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கு நின்றது பேச்சு. மகள் படித்து முடித்துத் திரும்பி வந்து, அதே வீட்டில், கடைக்கு மேலே இருக்கிற அதே மூன்று அறைகளில் எங்களோடு இருந்தாள். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போகும்.

"உங்க கல்லுப்பொறுக்கிகிட்டச் சொல்லுங்க, இன்னொரு கரண்டி போட்டுக்கச் சொல்லி."

"அப்பா, போதும்னு சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான்.

ஊரில் ஒரு அறிவியல் காட்சிக்கூடம் இருக்கிறது. மகளுக்கு அங்கே வேலை கிடைத்தது, தற்காலிகமாக. ஒரு நல்ல காட்சியைச் செய்து காட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் வெகு தூரத்தில் ஒரு சுரங்க நிறுவனம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போனால் வருடத்துக்கு ஒரு தடவை வருவாள், அதுவும் லீவு கிடைத்தால். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், அவள் போவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. என் மனைவிக்கும்தான். ஆனால் அவள் அதை வாய்விட்டுச் சொல்லுகிற ரகம் இல்லை.

மலைகள் எப்படி நிற்கின்றன என்பதுதான் மகள் எடுத்துக்கொண்ட விஷயம். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் என்னிடம் விளக்கினாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி விளக்கினாள்.

"மலை பூமி மேல தூக்கி வெச்சது இல்லப்பா. அது மிதக்குது."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது, எனக்கு. "கேட்டீங்களா? மலை மிதக்குதாம். நேத்து நம்ம மாடிப்படி பறந்துச்சே, அதையும் சொல்லிடுங்க."

மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரெண்டு பெரிய நிலத்தட்டு ஒண்ண ஒண்ணு நெருக்குது. நடுவுல இருக்கிற பாறை எங்க போகும்? மடிஞ்சு, கசங்கி, கொஞ்சம் மேல போகும். அதவிடப் பல மடங்கு கீழ போகும். நம்ம கண்ணுக்குத் தெரியிற மலை சும்மா தலைதான். அடியில வேர் மாதிரி ஆழமா இறங்கியிருக்கு. கீழ இருக்கிற பாறையவிட மலையோட பாறை லேசு. அதனாலதான் அது முங்காம நிக்குது."

"மலை லேசா?" என்றேன் நான். எனக்கே சிரிப்பு வந்தது.

"கீழ இருக்கிறதோட பார்த்தா லேசு. இன்னொண்ணு கேளுங்க. மழையும் ஆறும் மலையோட தலையக் கரைச்சுக்கிட்டே இருக்கு இல்லியா? தலையில பாரம் கொறைய கொறைய, வேர் அடியிலேருந்து மேல எழும்பும். அதனால மலை அவ்வளவு சீக்கிரம் தேஞ்சு போகாது."

"கீழ இருக்கிறது என்ன, குழம்பா?"

"இல்லப்பா, கெட்டிப் பாறைதான். தட்டினா உடையிற பாறை. ஆனா அவ்வளவு சூட்டுல, லட்சக்கணக்கான வருஷத்துல, மெதுவா நகரும். அதத்தான் காட்டணும்னு ஆசைப்பட்டேன். எங்க பொறுப்பாளர் ஒத்துக்கல. பார்க்க வர்றவங்க நிக்கிற நேரத்துக்குள்ள மலை எழும்பணும், இல்லேன்னா கொட்டாவி விடுவாங்கன்றாரு."

பொறுப்பாளர் என்பவர் காட்சிக்கூடத்தின் தலைவர். எந்த யோசனையையும் முதலில் வேண்டாம் என்பார், அது பலித்துவிட்டால் தன் யோசனைதான் என்பார். அவர் சொன்னபடி மகள் ஒரு கண்ணாடித் தொட்டி செய்தாள். கனத்த கருமரத்தில் கட்டைகள் செய்தாள். குட்டையாகச் சில கட்டைகள் சமவெளிக்கு, நடுவில் நெட்டையாக ஒன்று மலைக்கு. மலைக் கட்டையின் தலைப் பகுதியைத் தனி வில்லையாகக் கழற்றி எடுக்கலாம். மழை கரைத்த மாதிரி அதைக் கழற்றினால் மீதி மேலே வர வேண்டும். கட்டைகளைத் தண்ணீரில் போட்டாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தன. அந்த மரம் தண்ணீரைவிடக் கனம். கெட்டியான சர்க்கரைப் பாகு அந்த மரத்தைவிடவும் கனம் என்பதால் அதில்தான் மிதக்கும். பெரும்பகுதி உள்ளே, கொஞ்சம் வெளியே, அசல் மலை மாதிரி.

அவ்வளவு பாகை, கண்ணாடி போலத் தெளிவாக, சர்க்கரை மறுபடியும் பொடியாகப் பூக்காமல் காய்ச்ச ஊரில் ஒருத்தியால்தான் முடியும். பொறுப்பாளர் எங்கள் கடையில் புதினா மிட்டாய் வாங்குகிறவர். வீட்டு விவகாரம் தெரியாமல் அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, தேன் மாதிரி இருக்கணும்னு சொல்லுங்க. ஆறினதுக்கு அப்புறம் தேன் மாதிரி. அதுக்கு மேல ஒரு கிண்டு கூடக் கூடாது."

சொன்னேன். என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கே பாகு சொல்லித் தர்றாளாமா?"

காய்ச்சின நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். குளுக்கோஸ் எல்லாம் அளவாகப் போட்டாள். பாகு பொங்கி அடங்கியது. எனக்கே தெரிந்தது, இறக்குகிற நேரம் வந்துவிட்டது என்று. அவள் இறக்கவில்லை. கிண்டினாள். பார்வை எங்கேயோ இருந்தது. வாயைத் திறக்கலாமா என்று யோசித்தேன். முன்பு தும்மியதற்கே அந்தப் பாடு பட்டவன் நான், பேசாமல் இருந்துவிட்டேன்.

சுடச்சுடத் தூக்குகளில் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினோம். சூட்டில் அது அசல் தேன் மாதிரிதான் ஓடியது. மகள் கட்டைகளை இறக்கினாள். மிதந்தன. மலையின் தலையைக் கழற்றினாள், மீதி மெல்ல மேலே வந்தது. திரும்ப வைத்தாள், இறங்கியது. பொறுப்பாளர் கைதட்டினார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை திறப்பு. ஊர்ப் பெரிய மனிதர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், வேலை இல்லாத நாங்கள் எல்லாரும் கூடிவிட்டோம். பொறுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போது மலையின் தலையை எடுக்கிறேன், மலை எழும்புவதைப் பாருங்கள்" என்று சொல்லி வில்லையைப் பிடித்து இழுத்தார். முதல் இழுப்பில் தொட்டியே நகர்ந்தது. இரண்டாவது இழுப்பில் வில்லை கையோடு வந்து, அவர் பின்னால் நின்ற ஆசிரியர் மேல் சாய்ந்தார். மலை அசையவில்லை. எல்லாரும் பார்த்தோம். அது எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரவோடு இரவாகப் பாகு ஆறி இறுகியிருந்தது.

"எப்ப எழும்பும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "நான் வேணா சாயங்காலமா வரட்டுமா?"

கூடம் சிரித்தது. பொறுப்பாளர் முகம் சிவக்க, கையிலிருந்த வில்லையைப் பக்கத்துச் சமவெளிக் கட்டையின் மேல் டொக்கென்று வைத்துவிட்டு வெளியே போனார். மகள் சுவரோரமாக நின்றாள்.

அன்று மதியம் மகள் கடைக்குள் வந்து, அத்தனை காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவிடம் நேராகப் பேசினாள்.

"வேணும்னுதானே பண்ணே? நான் தோத்துட்டு வந்து இந்தத் துடுப்பப் பிடிக்கணும்னுதானே?"

என் மனைவி அப்போது கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது நின்றது. ஏதோ சொல்ல வந்தாள். பிறகு மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். மகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மாடிக்குப் போனாள். சுரங்கக்காரர்களுக்கு வருவதாக அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"தப்பிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன் நான்.

"என் பாகு தப்பாது."

"அப்ப வேணும்னே பண்ணியா?"

"பெத்த பொண்ணுக்கு நானே குழி வெட்டுவேனா? உங்க புத்தி ஏங்க இப்படிப் போகுது?"

"ரெண்டுல ஒண்ணாத்தானே இருக்கணும்?"

"மூணாவதா ஒண்ணு யோசிச்சு வைங்க. எப்பப் பாரு சும்மாதானே உக்காந்திருக்கீங்க."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றாள். மகளும் பசிக்கவில்லை என்றாள். நான் இருவருக்குமாகச் சேர்த்துச் சாப்பிட்டேன். எனக்குக் கவலை வந்தால்தான் நன்றாகப் பசிக்கும்.

தொட்டியைக் காலி செய்து தர வேண்டும் என்று காட்சிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டு, ஒருவழியாக நானே வெந்நீரும் சுரண்டியுமாகப் போனேன். மகள் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டி மூலையில், தூசி படிந்து, திறப்பு நாளில் விட்ட கோலத்திலேயே கிடந்தது.

வெந்நீரை ஊற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மிட்டாய்க் கடையில் ஆயுசைக் கழித்தவனுக்குப் பாகு பட்ட இடம் எது, படாத இடம் எது என்று கண் சொல்லிவிடும். மலைக் கட்டையில், பாகு மட்டத்துக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று பாகு பூசிய பட்டை தெரிந்தது. உள்ளே கிடந்த பகுதி வெளியே வந்திருக்கிறது. பக்கத்தில், வில்லையைச் சுமந்த சமவெளிக் கட்டை தாழ்ந்து போய், பாகு அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இங்க வாயேன். உன் மலை வளந்திருக்கு."

"அப்பா, சும்மா இருங்க. எனக்கு இப்ப சிரிக்கிற தெம்பு இல்ல."

"வந்து பாரேன்."

வந்தாள். குனிந்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கையிலிருந்த சுரண்டியை வாங்கி அதன் பிடியால் பாகைத் தட்டினாள். டக்கென்று சத்தம் வந்தது.

"தட்டினா கெட்டி. விட்டு வெச்சா ஓடுது." "அப்பா, நான் கேட்டதே இதுதான். மழை கரைச்ச மண்ணு சமவெளியில போய்ச் சேருது, அது பாரத்துல இறங்குது, மலை எழும்புது. எல்லாமே இருக்கு. அவர் கோவத்துல அந்த வில்லைய அங்க வெச்சாரே!"

பொறுப்பாளர் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "மெதுவா எழும்பணும்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார். அந்த மனிதரைப் போல எனக்கும் ஒரு மனசு இருந்தால் எவ்வளவு நிம்மதி. ஆனால் காரியக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். இன்னும் பெரிய தொட்டி வைப்போம், கண்ணாடியில் கோடு போடுவோம், பார்த்தவர்கள் அடுத்த வாரமும் வந்து மலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கட்டும் என்றார். மகளுக்கு வேலை நிரந்தரம். ஒரே நிபந்தனை, பாகு இதே பாகாக இருக்க வேண்டும். ஒரு பிடி இளகினால் மலை ஆடும், ஒரு பிடி இறுகினால் எழும்பாது.

இதற்குள் பொறுப்பாளர் ஊர் பூராவும் சொல்லிவிட்டார், மிட்டாய்க்காரம்மா பூமிக்குள் இருக்கிற பாறையின் பதம் தெரிந்துதான் காய்ச்சினார் என்று. கடையில் ஒரே கூட்டம். புதினா கேட்க வந்தவர்கள், "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். என் மனைவி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மிட்டாயை மட்டும் வழக்கத்தைவிடக் கம்பீரமாக அள்ளிப் போட்டாள். எனக்கு அவளைத் தெரியும். மூன்றாவது காரணம் தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது, இனி விடமாட்டாள் என்று நினைத்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் மகள் உள்ளே வந்தாள். அம்மாவுக்கு நேரே போய் நின்றாள்.

"அம்மா, எனக்கு மட்டும் உண்மையச் சொல்லு. தெரிஞ்சுதான் பண்ணியா?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. தலையை ஆட்டினால் போதும், ஊருக்கே மேதை. மகளிடமும் ஜெயித்த மாதிரி ஆகும். என் மனைவி அடுப்பைத் தணித்தாள். துடுப்பைச் சாய்த்து வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. மலையும் தெரியாது, மண்ணும் தெரியாது. நீ வேலை செய்யிற எடத்துக்குத் தண்ணியா ஒரு பாகு போச்சுன்னா உன்ன யாராவது ஏதாவது சொல்லிடுவாங்களேன்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கிண்டிட்டேன். பதம் தப்பிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

கடையில் ஒருவர் வாயில் போட்ட மிட்டாயைக் கடிக்காமல் நின்றார்.

மகள் இன்னும் ஒரு அடி கிட்டே போய், "சரி. அதே மாதிரி இன்னொரு தடவ பண்ணித் தரணும்" என்றாள்.

"அது எப்படிடி முடியும்?" என்றாள் என் மனைவி. அவள் குரல் உடைந்து நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. "அன்னிக்கு நீ என்கூடப் பேசாம இருந்தே. கொப்பரைக்கு முன்னால நின்னேனே தவிர மனசு பூரா உன்கிட்டதான் கெடந்துச்சு, அதான் தப்புச்சு. இப்பத்தான் பேசிட்டியே. இனி எப்படித் தப்பும்?"

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், முடியவில்லை, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். அம்மாவும் அழுதாள். ஒருவர் மெதுவாக என்னிடம் ஆரஞ்சு மிட்டாய் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் கண்ணும் சரியாகத் தெரியவில்லை, எலுமிச்சையைக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றார்.